ஒலீட்டாவுக்குக் கை முடியாமல் போன தேதி

ஒலீட்டா ஸ்டான்சிலும் நானும் பத்தொன்பது வருஷம் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று கோழி அறுத்தோம். அலபாமாவில் எங்கள் மலைமேட்டு ஊர்களில் பிறந்த பெண்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு வயதில் அந்தக் கோழி ஆலைக்குள் போகாமல் இருந்ததில்லை. கொக்கியில் தொங்கிக்கொண்டு கோழி வரும். தோள்மூட்டில் கத்தியை இறக்கி, ஒரே இழுப்பில் நெஞ்சுக்கறியை உருவ வேண்டும். அதற்குள் அடுத்தது வந்துவிடும். கறி கெடாமல் இருக்க உள்ளே எப்போதும் குளிர். வேலை முடிந்து வீட்டுக்குப் போனாலும் விரல்கள் கத்தியைப் பிடித்த வாக்கிலேயே மடங்கி நிற்கும். எல்லோருக்கும் அப்படித்தான் என்பதால், ஒலீட்டாவின் விரல் முட்டிகள் வீங்க ஆரம்பித்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளும்தான்.

ஒரு மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை அவள் கையிலிருந்து கத்தி விழுந்தது. குனிந்து எடுத்தாள். மறுபடி விழுந்தது.

"நெல்டா, அதை எடுத்துக் குடேன்" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். அவள் விரல்கள் பிடியைச் சுற்றி மூடவே இல்லை. கொஞ்ச நேரம் தன் கையை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோழிகள் அறுபடாமல் அவளைத் தாண்டிப் போயின. பிறகு கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டு வெளியே நடந்தாள். அப்போது அவளுக்கு ஐம்பத்துமூன்று வயது. இருபத்திரண்டு வருஷ வேலை அன்றோடு முடிந்தது.

டாக்டர் அதை முடக்குவாதம் என்றார். உடம்பு தன் மூட்டுகளைத் தானே அரித்துத் தின்கிற நோயாம். உடனே ஊசி போட ஆரம்பித்தால் நிறுத்தி வைக்கலாம் என்றார். அந்த ஊசியின் விலைக்கு எங்கள் இரண்டு பேர் சம்பளத்தைச் சேர்த்தாலும் காணாது. ஆலை கொடுத்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விட்டது. எங்கள் மாநிலத்தில் வளர்க்கச் சின்னப் பிள்ளை இல்லாத பெரியவர்களுக்கு, எவ்வளவு ஏழையாக இருந்தாலும், ஏழைகளுக்கான அரசாங்கக் காப்பீடு கிடையாது. ஒலீட்டா கல்யாணமே செய்துகொள்ளாதவள். தம்பி ராய்ஸோடு, அம்மா இருந்த டிரெய்லர் வீட்டில் இருந்தாள். பரம ஏழைகளாய் இருந்து உடம்பும் முடியாதவர்களுக்கென்று தனியாக ஒரு தொகை உண்டு. அதற்கும் அவள் தகுதிப்படவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், யாரும் விலைக்குக் கேட்காத நாலு ஏக்கர் புதர்க்காட்டை அப்பா அவள் பேரில் எழுதி வைத்திருந்தார்; அது சொத்துக் கணக்கில் வந்துவிட்டது.

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். வேலை செய்த காலமெல்லாம் சம்பளத்தில் பிடித்திருந்தார்களே, அதை வைத்து, உழைக்க முடியாமல் போனவர்களுக்கு அரசாங்கம் தருகிற உதவித்தொகை. அது கிடைத்தால், இரண்டு வருஷம் கழித்து மெடிகேர் என்கிற அரசாங்க மருத்துவக் காப்பீடும் கூடவே வரும். ஒலீட்டாவுக்குப் பணத்தைவிட அந்தக் காப்பீடுதான் வேண்டியிருந்தது.

விண்ணப்பத்தை என் வீட்டுச் சமையலறை மேஜையில் வைத்து நிரப்பினோம். அவளால் பேனா பிடிக்க முடியாது. அவள் சொன்னாள், நான் எழுதினேன்.

"சமையல் செய்வீர்களா என்று கேட்டிருக்கான்."

"செய்வேன்னு எழுது."

"நீ எங்கடி சமைக்கிற? ராய்ஸ் டப்பாவை உடைச்சு சூடு பண்ணித் தர்றான், தின்ற."

"அதையெல்லாமா கவர்மென்ட்டுக்கு எழுதுவாங்க? செய்வேன்னு எழுது."

"தோட்ட வேலை?"

"தக்காளி போட்டிருக்கேன்."

"அது போன வருஷம்."

"செடி அங்கதானே நிக்குது!"

பதினோரு பக்கத்துக்கும் இதே கதைதான். வீட்டைப் பெருக்குவாள், துணி துவைப்பாள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவாள். 'முடியாது' என்ற வார்த்தையை ஸ்டான்சில் குடும்பத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதை ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்தும் போட அவளால் ஆகவில்லை. எனக்கும் அன்றைக்கு இரண்டாம் ஷிப்ட் இருந்தது. சொன்னதை எழுதி முடித்து எழுந்துவிட்டேன்.

ராய்ஸ் டயர் கடையில் வேலை பார்த்தான். வாய் நீளம். "நாட்டுல பாதிப் பேரு சோபாவுல உக்காந்துகிட்டே கவர்மென்ட் செக் வாங்குறான். நீயும் அந்தக் கும்பல்ல சேந்துட்டியாக்கா?" என்பான்.

கோடையில் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். அரசாங்கம் காசு கொடுத்து அமர்த்திய டாக்டர். நாற்பது மைல் தள்ளி, ஒரு மெத்தைக் கடைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தார். நான்தான் வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். உள்ளே போன பதினோராவது நிமிஷம் ஒலீட்டா வெளியே வந்தாள், முகத்தில் சிரிப்போடு.

"மேஜையில ஒரு காசை வெச்சு எடுக்கச் சொன்னாருடி. எடுத்துட்டேன்."

எனக்குத் தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அடிப்பாவி, எடுக்க முடியலைன்னு காட்டத்தானே உன்னை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேன்!"

"முடிஞ்சுதே. முடிஞ்சதை எப்படி முடியலைன்னு சொல்றது?"

"எத்தனை தடவை முயற்சி பண்ணின?"

"நாலு. கடைசியில விளிம்புக்குத் தள்ளிட்டுப் போய் உள்ளங்கையில விழவெச்சேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதை அவர் கேக்கலை" என்றாள்.

செப்டம்பரில் கடிதம் வந்தது. உங்களால் பழைய வேலையைச் செய்ய முடியாமல் இருக்கலாம், ஆனால் அதைவிட லேசான வேறு வேலைகளைச் செய்ய முடியும் என்று போட்டிருந்தது. மறுபடி பார்க்கச் சொல்லி எழுதிப் போட்டோம். பிப்ரவரியில் அதே பதில் வந்தது. இரண்டு கடிதத்துக்கும் தேதி மட்டும்தான் வித்தியாசம். இதற்குள் ஒரு வருஷம் ஓடிவிட்டது. அவள் வலது கை விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன, காற்றடித்த புல் மாதிரி.

நெடுஞ்சாலை விளம்பரப் பலகையில் முகம் பார்த்திருந்த ஒரு வக்கீலிடம் போனோம். டில்லரி என்று பெயர், சின்னப் பெண். ஜெயித்தால்தான் கூலி என்றாள். முதலில் அந்தப் பதினோரு பக்கத்தைப் படித்தாள்.

"இதை எழுதினது யாரு?"

"நான்தான். இவ சொல்லச் சொல்ல எழுதினேன்."

"இதைப் படிச்சா எனக்கே இவங்களை வேலைக்கு வெச்சுக்கலாம்னு தோணுது" என்று கண்ணைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு ஒலீட்டாவிடம், "சரி மேடம், இப்போ எனக்காகச் சொல்லுங்க. காலையில எழுந்ததும் முதல்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

ஒலீட்டா மடியிலிருந்த தன் கைகளைப் பார்த்தாள். பிறகு, "வெந்நீர்ல கையை வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்" என்றாள்.

"எவ்வளவு நேரம்?"

"ராய்ஸ் வேலைக்குக் கிளம்புற வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கு முன்னாடி, அவன்..." நிறுத்தினாள். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "பட்டன் எல்லாம் அவன்தான் போட்டுவிடுவான். செருப்பு மாட்டிவிடுவான். தலை சீவிவிடுவான். அவனுக்குச் சரியா வராது. ஆனா சீவுவான்."

பத்தொன்பது வருஷம் பக்கத்தில் நின்றவள் நான். எனக்கு அது தெரியாது. தலை ஏன் எப்போதும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று அவளைக் கேலிகூடச் செய்திருக்கிறேன்.

டில்லரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பிறகு, "உங்களுக்கு அம்பத்தஞ்சு எப்போ முடியுது?" என்றாள்.

"நவம்பர் பதினேழு."

"நல்லது. அம்பத்தஞ்சுக்குள்ள இருந்தா, வேற லேசான வேலை பாத்துக்கோன்னு சொல்லுவாங்க. அது முடிஞ்சுதுன்னா, உங்களை மாதிரிப் படிப்பு இல்லாதவங்களைப் பெரும்பாலும் அப்படிச் சொல்ல முடியாது. ரூல் அப்படி."

"அப்போ நவம்பர் பதினேழு கேக் வெட்டினதும் எனக்குக் கை முடியாமப் போயிடுமா?"

"சட்டப்படி பாத்தா, ஆமா" என்றாள் டில்லரி. அவள் சிரிக்கவில்லை.

நீதிபதி முன்னால் விசாரணைக்கு ஜனவரியில்தான் தேதி கிடைத்தது. அன்று பனிமழை. காலையில் அவளைக் கூட்டிப்போக டிரெய்லருக்குப் போனபோது ராய்ஸ் அவளுடைய நீலச் சட்டைக்குக் கடைசிப் பட்டனை மாட்டிக்கொண்டிருந்தான். டயர்க் கடைக் கறுப்பு ஒட்டிவிடக் கூடாதென்று சோப்புப் போட்டுக் கை கழுவியிருந்தான். என்னைப் பார்த்ததும், "போங்க போங்க, கவர்மென்ட்டைப் போய்க் கறந்துட்டு வாங்க" என்றான்.

விசாரணை அறை சின்னது. நீதிபதி வயதானவர். சளி பிடித்து, மிட்டாயைச் சப்பிக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. எந்தெந்த வேலைக்கு எந்தெந்த உடம்பு வேண்டும் என்று சொல்வதற்கென்றே ஒரு நிபுணர், தொலைபேசியில் இருந்தார். இப்படிப்பட்ட பெண்மணி என்ன வேலை செய்யலாம் என்று நீதிபதி அவரைக் கேட்டார்.

"கொட்டை பொறுக்கலாம்" என்றது தொலைபேசி. "பாதாம், வேர்க்கடலை இதுல எல்லாம் சொத்தையைப் பொறுக்கித் தள்ளுற வேலை. நாடு முழுக்க ஆயிரக்கணக்குல இருக்கு."

ஒலீட்டா கையைத் தூக்கினாள், பள்ளிக்கூடத்தில் தூக்குகிற மாதிரி. "ஐயா, அது எந்த ஊர்ல இருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க. நாளைக்கே போறேன்."

நீதிபதி வாயிலிருந்த மிட்டாயை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு அவள் கைகளைப் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார். இரண்டு வருஷத்தில் அந்தக் கைகளை ஒரு நிமிஷம் முழுதாகப் பார்த்த முதல் அரசாங்கத்து மனிதர் அவர்தான்.

"உங்க கை இப்போ எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியுதும்மா" என்றார். "ரெண்டு வருஷம் முன்னாடி எப்படி இருந்துதுங்கறதை இந்தத் தாளுங்கதான் சொல்லணும். சமைக்கிறேன், துவைக்கிறேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. காசை எடுத்தாங்கன்னு டாக்டர் எழுதியிருக்காரு." பிறகு டில்லரியிடம் திரும்பி, "முடியாமப் போன தேதியை இவங்க அம்பத்தஞ்சாவது பிறந்தநாளுக்கு மாத்திக்கச் சம்மதிச்சா, இன்னிக்கே சாதகமா எழுதிடலாம். வெளிய போய்ப் பேசிட்டு வாங்க" என்றார்.

நடைபாதையில் ஒரு தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் நின்றோம். டில்லரி விவரத்தைச் சொன்னாள். மார்ச் தேதி நின்றால், இந்த வருஷம் செப்டம்பரில் மெடிகேர் கைக்கு வந்துவிடும். நவம்பர் என்று மாற்றினால் எல்லாம் அங்கிருந்து எண்ணப்படும். முதல் ஐந்து மாதம் கணக்கில் சேராது, அப்புறம் இருபத்துநாலு மாதம். அடுத்த வருஷமும் போய் அதற்கடுத்த வருஷம் மே மாதம் ஆகிவிடும். மாட்டேன் என்று சொன்னால், நீதிபதி மார்ச்சையே ஒத்துக்கொள்ளலாம். மொத்தமாக இல்லை என்றும் எழுதலாம். இல்லை என்றால் மேல்முறையீடு, இன்னொரு ஒன்றரை வருஷம்.

"நான் முடிவு சொல்லக் கூடாது மேடம். அது உங்க இஷ்டம்" என்றாள்.

ஒலீட்டா என்னைப் பார்த்தாள். "நீ என்னடி சொல்ற?"

எனக்குக் கால் வலித்தது. முந்தின நாள் இரண்டு ஷிப்ட் நின்றிருந்தேன். இவளோடு அலைவதற்காக எத்தனை நாள் சம்பளத்தை விட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும். வெளியே பனிமழை இன்னும் விடவில்லை, மலையேறித் திரும்ப வேண்டும்.

"ஒத்துக்கோ. கிடைக்கறதை வாங்கிட்டுப் போலாம்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். உள்ளே போனோம்.

"நவம்பர் பதினேழுன்னு ஒத்துக்கறீங்களாம்மா?" என்று நீதிபதி கேட்டார்.

"ஒத்துக்கறேங்க ஐயா." அவர் எழுதத் தொடங்கியபோது, "ஆனா அது உண்மை இல்லைன்னு எங்கயாவது ஒரு ஓரத்துல எழுதிக்குவீங்களா?" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அதுக்கு இதுல இடம் இல்லையேம்மா."

"சரி. பரவால்லங்க."

மே மாதத்திலிருந்து பணம் வந்தது. தின்னவும் கரண்டுக்கும் சரியாக இருந்தது. மெடிகேருக்கு இன்னும் இருபத்துநாலு மாதம் காத்திருக்க வேண்டும். அதுவரை அரசாங்கச் சலுகையில் தனியார் காப்பீடு கிடைக்குமென்று யாரோ சொல்ல, தொலைபேசியில் கேட்டோம். எதிர்முனையில் பேசிய பெண் எல்லாக் கேள்வியும் கேட்டுவிட்டு, ஒலீட்டாவின் வருமானம் வறுமைக்கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இருப்பதால் சலுகை கிடையாது என்றாள். கோட்டுக்கு மேலே இருந்தால்தான் உண்டாம்.

"என்னடி சொல்றா?" என்றாள் ஒலீட்டா.

"உதவி வாங்குற அளவுக்கு நீ பணக்காரி இல்லையாம்."

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது.

மெத்தடிஸ்ட் சர்ச்சின் நிலவறையில் வியாழக்கிழமைகளில் ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் இலவசமாகப் பார்த்தார். அவரிடம் ஊசி இல்லை. பழைய காலத்து மாத்திரை ஒன்று கொடுத்தார். வாரத்துக்கு ஒருமுறை அதைப் போட்டுக்கொண்டால் மறுநாள் முழுக்க வாந்தி. "இது வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். நிறுத்தாது" என்று அவரே சொன்னார். அப்படியே இரண்டு குளிர்காலம் போயிற்று. கால் விரல்களும் சாய்ந்தன. கைத்தடியைப் பிடிக்க முடியாததால் ராய்ஸ் அதில் பழைய டியூபைச் சுற்றி முழங்கையை நுழைக்கிற மாதிரி ஒரு வளையம் செய்து கொடுத்தான். "மகாராணிக்கு அரசாங்கச் செங்கோல்" என்றான். அவன் பேச்சும் மாறவில்லை, காலையில் பட்டன் போடுவதும் நிற்கவில்லை.

மெடிகேர் அட்டை பிப்ரவரியிலேயே தபாலில் வந்துவிட்டது, மே மாதத்திலிருந்து செல்லும் என்று போட்டு. உறையை நான்தான் பிரித்தேன். சிவப்பும் நீலமுமாக ஒரு காகித அட்டை. பிளாஸ்டிக்கூட இல்லை.

"இதுதானா?" என்றாள். கொஞ்ச நேரம் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி பட்டா கரைஞ்சுடும் போல இருக்கே."

ஜூன் மாதம் நகரத்துக்குப் போய் மூட்டு நிபுணரைப் பார்த்தோம். நடுவயதுப் பெண். எக்ஸ்ரே படங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "எப்போ ஆரம்பிச்சுது?" என்று கேட்டார்.

"நாலு வருஷம் முன்னாடி, மார்ச் மாசம். ஒரு செவ்வாய்க்கிழமை" என்றாள் ஒலீட்டா. "என் பேப்பர்ல எல்லாம் நவம்பர்னு இருக்கும். நீங்க மார்ச்னு போட்டுக்குங்க டாக்டர்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. மார்ச் என்று எழுதிக்கொண்டார். பிறகு இருப்பதை இருக்கிறபடி சொன்னார். ஊசி போட்டால் வீக்கமும் வலியும் குறையும், நோய் பரவாது. ஆனால் சாய்ந்துபோன விரல்கள் இனி நிமிராது. முன்னமே வந்திருந்தால், என்று ஆரம்பித்தவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

திரும்பும் வழியில் ஒரு கடையில் நிறுத்திப் பொரித்த கெளுத்தி மீனும் சோளரொட்டியும் வாங்கினோம். அவளுக்கு ரொட்டியைப் பிட்டு வைத்தேன். அதுவரை இரண்டரை வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததை அங்கே கேட்டேன்.

"அன்னிக்கு விசாரணையில, நான் ஒத்துக்க வேண்டாம்னு சொல்லியிருந்தா என்னடி பண்ணியிருப்ப?"

அவள் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் டம்ளரை இறுக்கித் தூக்கி டீயைக் குடித்தாள். எங்கள் ஊர் டீ, ஐஸ் போட்டு, பாகு மாதிரி இனிப்பாக.

"நீ என்ன சொல்லியிருந்தாலும் ஒத்துக்கிட்டுத்தான் இருப்பேன். உன்கிட்ட சும்மாதான் கேட்டேன்" என்றாள். "எனக்கு அன்னிக்கு வீட்டுக்குப் போகணும் போல இருந்துச்சு. அவ்வளவுதான். மீன் ஆறுது பார், தின்னு."

அது உண்மையா, எனக்காகச் சொன்னதா, தெரியவில்லை. மீனைத் தின்றேன்.

ஊசி வேலை செய்தது. இலையுதிர் காலத்துக்குள் பாத வீக்கம் வற்றி, அவளே வாசல் தபால்பெட்டி வரை தடியில்லாமல் நடந்து போனாள். ராத்திரியில் வலியால் எழுந்திருப்பது நின்றது. அதைத்தான் எல்லோரிடமும் சொல்கிறாள். எட்டு மணி நேரம் தூங்கினேன், நேற்றும் தூங்கினேன் என்று. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாதிப் பிரசங்கத்திலேயே என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுகிறாள். போதகர் ஒருமுறை முறைத்தார். எழுப்பட்டுமா என்று ராய்ஸ் சைகையால் கேட்டான். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.